படத்தில் இருப்பது கிங் பெங்குவின்தான்

வணக்கம். மகளின் பள்ளிச் செயல்திட்டத்துக்கு எடுத்த படத்தில் இருப்பது எம்பரர் பெங்குவினா, கிங் பெங்குவினா என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் கிங் என்றே எழுதச் சொல்லுங்கள்.

காதோரத்து ஆரஞ்சுத் திட்டு கரண்டி வடிவில் அழுத்தமாக இருக்கிறது என்கிறீர்கள். எம்பரருக்கு அது வெளிறிய மஞ்சளாகி மார்பை நோக்கிக் கரைந்துபோகும். பின்னால் புல் தெரிவது அதைவிட உறுதியான சான்று. கிங் பெங்குவின்கள் தெற்கு ஜார்ஜியா போன்ற தீவுகளில் வாழ்பவை. எம்பரர் அன்டார்க்டிகாவின் உறைந்த கடல்மேல் முட்டையிடும்.

பக்கத்தில் நிற்கும் பழுப்புக் கம்பளி உருண்டை வேறு இனம் அல்ல, கிங்கின் குஞ்சேதான்! அந்தக் காலத்து மாலுமிகளும் அதைத் தனி இனமென்றே நினைத்தார்கள். எம்பரர் குஞ்சு சாம்பல் நிறம். கறுப்புத் தலை, வெள்ளை முகம்.

மகளுக்கு இதையும் சொல்லுங்கள். இரண்டுமே கூடு கட்டுவதில்லை. ஒற்றை முட்டையைப் பாதங்களின் மேல் ஏந்தி, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக் காக்கின்றன. கிங்கில் தாயும் தந்தையும் மாறி மாறி அடைகாக்கும். எம்பரரில் தந்தை மட்டும், நடுங்கும் குளிர்காலத்தில், சுமார் 65 நாள், ஒரு வாய் இரையில்லாமல் நிற்கும். அட்டையில் இதற்குக் கொஞ்சம் பெரிய இடம் ஒதுக்கட்டும்.