இரவில் பாதம் எரிவது நரம்பு வலியா?

அம்மாவுக்கு இரவானால் இரண்டு பாதமும் எரிகிறது, ஊசி குத்துவதுபோல் இருக்கிறது, பாராசிட்டமால் போட்டும் குறையவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நரம்பு வலியாக இருக்கலாம். வழக்கமான வலி மாத்திரைகள் அதற்கு அவ்வளவாகக் கேட்காது.

முதல் சந்தேகம் சர்க்கரை நோய்தான். பல ஆண்டுகள் ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தால் நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படும். அதனால்தான் கால்விரலில் தொடங்கி மேலே ஏறுகிறது. அவர் ஏற்கெனவே சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வைட்டமின் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரை நாளடைவில் அதைக் குறைக்கலாம். சுத்த சைவம் சாப்பிடும் நம்மவர்களுக்கும் இந்தக் குறை வருவதுண்டு. ஒரு காலில் மட்டும் இடுப்பிலிருந்து இழுத்தால் முதுகில் நரம்பு அழுந்தியிருக்கலாம். அக்கி வந்து ஆறிய இடத்திலும் எரிச்சல் தங்கிவிடலாம்.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தத்தையும் பாதத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காரணத்தைக் கவனிப்பதோடு கபாபென்டின், பிரிகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளில் ஒன்றைக் கொடுக்கலாம். குறைந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுவார்கள். தூக்கமும் தலைசுற்றலும் வரலாம், பலன் தெரியச் சில வாரம் ஆகும். டாக்டரைக் கேட்காமல் பாதியில் நிறுத்த வேண்டாம். அப்புறம், தயவுசெய்து வெந்நீரில் காலை வைக்க விடாதீர்கள். மரத்த காலுக்குச் சுடுவது தெரியாது, புண்ணாகிவிடும்.

கால் திடீரென வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ காத்திருக்காமல் சிங்கப்பூரின் ஆம்புலன்ஸ் எண்ணான 995-ஐ அழையுங்கள்.