மனைக்குள் எச்டி (உயரழுத்த மின்) லைன் போகிறது, வாங்கலாமா?

கேள்வி: கோவைப் புறநகரில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் வாங்கிய லேஅவுட்டில் 30க்கு 40 அடி மனை பார்த்திருக்கிறேன். பக்கவாட்டு எல்லையிலிருந்து 2 அடி உள்ளே 11 கேவி (11,000 வோல்ட்) லைன் போகிறது. "எப்படியும் எல்லையோரம் காலி இடம் (செட்பேக்) விடணும், அதுக்குள்ள லைன் அடங்கிடும்" என்கிறார் புரோக்கர். வில்லங்கச் சான்றிலும் ஒன்றும் இல்லை. வாங்கலாமா?

பதில்: புரோக்கர் சொல்வது பாதி சரி. லைன் அடங்கும், லைனுக்காக விட வேண்டிய இடம் அடங்காது. செட்பேக்கை மனை எல்லையிலிருந்து அளப்பார்கள், மின் இடைவெளியைக் கம்பியிலிருந்து அளப்பார்கள். எது அதிகம் உள்ளே வருகிறதோ, உங்கள் சுவர் அங்கேதான்.

மத்திய மின்சார ஆணைய விதிப்படி 11 கேவி கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டர் வேண்டும், ஏறக்குறைய 4 அடி. அதுவும் காற்றில் கம்பி வீட்டுப் பக்கம் ஆடி வரும்போது இருக்க வேண்டிய தூரம். கம்பத்திலிருந்து அளக்காதீர்கள், மூன்று கம்பிகளில் உங்கள் வீட்டை ஒட்டி வருவது எதுவோ அதிலிருந்து அளக்க வேண்டும். சன்ஷேடு, பால்கனி எல்லாமே கட்டடக் கணக்குதான். நீங்கள் சொன்ன 2 அடி அந்தக் கம்பிக்கு என்றால், எல்லையிலிருந்து 6 அடி போகிறது, ஆட்டத்துக்கு இன்னும் கொஞ்சம். மறுபக்கம் 1 மீட்டர் செட்பேக் என்று வைத்தால், வீட்டுக்கு மிஞ்சும் அகலம் 20 அடி சொச்சம். (110 கேவி லைனாக இருந்திருந்தால் 2.9 மீட்டர். 30 அடி மனையில் அதை யோசிக்கவே வேண்டாம்.)

வில்லங்கச் சான்றை இதில் நம்பிப் பயனில்லை. பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும். மின்வாரியம் லைன் இழுக்க நிலத்தை வாங்குவதில்லை. பட்டா உங்களுடையதே, அவர்களுக்குப் பயன்பாட்டு உரிமை மட்டும். நிலத்தடி எரிவாயுக் குழாய்க்கும் 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி இதே பயன்பாட்டு உரிமைதான், ஆனால் குழாய் போகும் நிலப் பட்டையில் கட்டடம், கிணறு, மரம் எதுவும் கூடாது. குழாய் கண்ணுக்கும் தெரியாது. அதனால் சுற்றுவட்டாரத்தில் எச்சரிக்கைக் கல் நட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

லைனை மாற்ற முடியுமா? பகுதி உதவிப் பொறியாளர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் இடம் பார்த்து எஸ்டிமேட் போடுவார்கள். பணம் கட்ட வேண்டியது கேட்டவர்தான். ரோட்டோரம் கம்பம் நட வழியிருக்க வேண்டும், பக்கத்து மனைக்காரர் தலையில் லைனைத் தள்ளவும் முடியாது. ஆகவே பத்திரப்பதிவுக்கு முன்பே, அந்த வரிசை முழுவதற்கும் சேர்த்து லேஅவுட் போட்டவரையே மாற்றித் தரச் சொல்லுங்கள். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றால் நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மாற்றாமலே வாங்குவதென்றால், பேரத்தில் 6 அடியையும் கழிக்கச் சொன்னால் எடுபடாது. அதில் 3¼ அடி எப்படியும் செட்பேக்கில் போவது. மீதி 2¾ அடி, முன்பின் செட்பேக்கைக் கழிக்காமல் பார்த்தால் 40 அடி நீளத்துக்கு 110 சதுர அடி, தளத்துக்குத் தளம் போகிறது. அதை வைத்துப் பேசுங்கள்.