இறக்குமதி வரி கூடுமுன் கடையின் கடன் அட்டையில் சோபா வாங்கலாமா?

கேள்வி: நியூஜெர்சியில் முதல் வீடு வாங்குகிறோம், அடுத்த மாதம் குளோசிங் (பத்திரம் முடிந்து வீடு கைக்கு வரும் நாள்). வெளிநாட்டிலிருந்து வரும் சோபாவுக்கும் கிச்சன் கேபினெட்டுக்கும் 2027 ஜனவரியில் வரி மேலும் உயரும் என்பதால் இப்போதே வாங்கிவிடுமாறு நண்பர்கள் சொல்கிறார்கள். கடையிலும் 12 மாதங்களுக்கு வட்டியில்லாத கடன் அட்டை தருவதாகக் கூறுகிறார்கள். வாங்கிவிடலாமா?

பதில்: குளோசிங் முடியும்வரை எந்தக் கடையிலும் புதிய கடன் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டாம். வீட்டுக் கடன் தரும் நிறுவனம் பத்திரம் முடிவதற்குச் சில நாட்கள் முன்பு உங்கள் கடன் அறிக்கையை மறுபடியும் பார்ப்பது வழக்கம். அதில் புதிதாக ஒரு கடன் தென்பட்டால் விளக்கம் கேட்பார்கள், சில வேளை குளோசிங் தேதியே தள்ளிப்போகும். சோபாவுக்காக வீட்டையே இழுபறியில் விடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

இனி வரிக்கு வருவோம். மெத்தை தைத்த மரச்சட்ட இருக்கைகள், கிச்சன் கேபினெட்டுகள், குளியலறை வேனிட்டிகள் (கைகழுவும் தொட்டி பொருத்திய அலமாரிகள்) ஆகியவற்றின் மீது அமெரிக்க அதிபரின் ஆணைப்படி 2025 அக்டோபர் 14 முதல் 25 சதவீத வரி விதிக்கப்பட்டது. பிரிட்டனிலிருந்து வருபவற்றுக்கு 10 சதவீதம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் ஜப்பானுக்கும் 15 சதவீதம் என்று உச்சவரம்பு உண்டு. மற்ற நாடுகளிலிருந்து வரும் இருக்கைகளுக்கு 30 ஆகவும், கேபினெட்டுகளுக்கும் வேனிட்டிகளுக்கும் 50 ஆகவும் 2026 ஜனவரி 1 அன்று உயர்வதாக இருந்தது. புத்தாண்டுக்கு முந்தைய நாள் அது 2027 ஜனவரி 1 வரை தள்ளிவைக்கப்பட்டது. முதலில் சொன்ன தேதிக்கு அஞ்சி 2025 டிசம்பரில் அவசரமாக வாங்கியவர்களுக்கு அவசரம்தான் மிச்சம். மெத்தை இல்லாத மரக்கட்டில், சாப்பாட்டு மேசை, திரைச்சீலை, படுக்கை விரிப்பு ஆகியவை இந்த ஆணைக்குள் வருவதில்லை. அவற்றின் வரி நாட்டைப் பொறுத்து வேறுபடும்.

பலர் கவனிக்கத் தவறுவது, வரி கடையின் விலைச்சீட்டின் மீது கணக்கிடப்படுவதில்லை என்பதைத்தான். துறைமுகத்தில் இறக்குமதியாளர் அறிவிக்கும் மதிப்பின் மீதுதான் அது விழுகிறது. கப்பல் கூலி, கிடங்கு, கடை வாடகை, இலாபம் எல்லாம் அதன்மேல் ஏறிய பிறகே நாம் காணும் விலை வருகிறது. உதாரணத்துக்கு, கடையில் 2,000 டாலருக்கு விற்கும் சோபாவின் இறக்குமதி மதிப்பு 800 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரி 25 இலிருந்து 30 சதவீதமானால் 200 டாலர் 240 டாலராகும். தாங்கள் அஞ்சும் உயர்வு 40 டாலர்.

கடையின் 'வட்டியில்லாத' அட்டை இதைவிடப் பெரிய ஆபத்து. பெரும்பாலும் அது வட்டியைத் தள்ளுபடி செய்வதில்லை, ஒத்திவைக்கிறது. அதே 2,000 டாலர் சோபாவுக்கு மாதம் 150 டாலராக 12 தவணை கட்டினால் 1,800 டாலர்; மீதி 200. அந்த 200 டாலர் கெடு நாளில் கட்டப்படாமல் நின்றுவிட்டால், வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த முழு வட்டியும் ஒரே நாளில் கணக்கில் ஏறும். ஆண்டு வட்டி 30 சதவீதம் என்றால் அது ஏறத்தாழ 350 டாலர். 40 டாலரை மிச்சப்படுத்தப் போய் இந்தப் பொறியில் காலை வைக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் "கெடுவுக்குள் முழுத் தொகையும் செலுத்தினால் வட்டியில்லை" என்ற நிபந்தனை இருந்தால், அது இந்த வகை அட்டைதான்.

கேபினெட் கணக்கு வேறு. 10,000 டாலர் கேபினெட்டின் இறக்குமதி மதிப்பு 4,000 என்றால், 25 சதவீதம் 50 ஆகும்போது கூடுதல் சுமை 1,000 டாலர். சமையலறையை எப்படியும் மாற்றப் போகிறீர்கள், கையில் ரொக்கமும் இருக்கிறது, அளவும் இறுதியாகிவிட்டது என்றால் குளோசிங் முடிந்ததும் இதை முன்கூட்டி வாங்குவதில் நியாயம் உண்டு. ஆறு மாதச் செலவுக்கென ஒதுக்கிய சேமிப்பில் மட்டும் கைவைக்காதீர்கள். புது வீட்டில் முதல் ஆண்டில் கொதிகலனோ கூரையோ எப்போது செலவு வைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

உள்நாட்டுத் தயாரிப்பை வாங்கினால் தப்பிவிடலாம் என்றும் முழுமையாக நம்ப முடியாது. 2018 இல் இறக்குமதித் துணி துவைக்கும் இயந்திரங்களுக்கு வரி விதித்தபோது, வரியே இல்லாத உலர்த்தும் இயந்திரங்களின் விலையும் கூடவே ஏறியது. இரண்டும் சோடியாக விற்பதால் கடைக்காரர்கள் சுமையைப் பங்கிட்டு ஏற்றினார்கள்.

ஆர்டர் கொடுப்பதற்கு முன்பு ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சரக்கு சுங்கத்தைத் தாண்டி நாட்டுக்குள் நுழையும் நாளின் வரி விகிதமே பொருந்தும். தாங்கள் பணம் கட்டிய நாளின் விகிதம் அல்ல. நவம்பரில் ஆர்டர் செய்த பொருள் ஜனவரியில் கரை சேர்ந்தால் வித்தியாசத்தை யார் ஏற்பது என்பது ரசீதிலேயே இருக்க வேண்டும்.