காலிப்பர் போல்ட் கழல மறுக்கிறதா? கேள்வி பதில்

ரவி: காரில் பிரேக் டிஸ்க் மாற்ற வேண்டும். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்குப் பின்னால் இருக்கும் பெரிய போல்ட் அசையவே மாட்டேன் என்கிறது. ராட்செட்டில் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்துவிட்டேன். என்ன செய்ய, அண்ணே?

பதில்: முதலில் எந்தப் பக்கம் இழுக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த போல்ட்டின் தலை வண்டியின் உட்பக்கம் பார்த்திருக்கும். நீங்கள் வெளியே உட்கார்ந்து கையை மட்டும் பின்னால் விட்டுத் திருகினால் இடம் வலம் மாறிவிடும். தலைக்கு நேராக நின்று பார்த்தால் எது இடஞ்சுழியோ அதுதான் கழற்றும் திசை. கழலவில்லை என்று சொல்லப்படும் போல்ட்டுகளில் பலவற்றை இன்னும் இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

திசை சரியென்றால் அடுத்தது கருவி. அது பிராக்கெட் போல்ட், அதாவது காலிப்பரைத் தாங்கும் சட்டத்தை வண்டியோடு பிடிக்கும் போல்ட். பல கார்களில் தலை 17 முதல் 19 மி.மீ., இறுக்கம் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். 25 செ.மீ. ராட்செட்டில் அவ்வளவு முறுக்கு தர 40 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும், பல் இல்லாத நீளக் கைப்பிடியான பிரேக்கர் பாரில் 60 செ.மீ. நீளத்துக்கு 17 கிலோ போதும். துருப்பிடித்தது அதைப்போல இரண்டு மடங்கும் கேட்கும், ராட்செட்டின் பல் தாங்காது. சாக்கெட் 6 பாயின்ட்டாக, அதாவது உள்ளே ஆறு மூலை உள்ளதாக இருக்கட்டும். 12 பாயின்ட் சாக்கெட் மூலைகளை மட்டும் கடிக்கும், தலை உருண்டுவிடும்.

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து போல்ட் தலையை வெளியே தெரிய வையுங்கள். மரையின் இரண்டு முனையையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவுக்குள் ஊறும் பெனட்ரேட்டிங் ஆயில் விட்டு, தலையில் சுத்தியலால் நான்கு தட்டு தட்டிக் காத்திருங்கள். பிறகு இறுக்கும் பக்கம் துளி அசைத்துவிட்டுக் கழற்றுங்கள். கிரீச்சென்று அசைந்ததும் ஒரே மூச்சில் சுற்றாதீர்கள். கால் சுற்று கழற்றி, கொஞ்சம் திரும்ப இறுக்கி, மறுபடி கழற்றுங்கள். துருத்தூள் மரையை அரைக்காமல் வெளியே வரும்.

வண்டி ஸ்டாண்டில்தான் நிற்க வேண்டும், வெறும் ஜாக்கில் வேண்டாம். பாரைப் படுக்கைவாட்டில் மாட்டினால் விசை மேல்கீழாகப் போகும். நிமிர்த்தி மாட்டி இழுத்தால் வண்டி முன்பின்னாக ஆடி ஸ்டாண்டிலிருந்து நழுவலாம்.

கலா: கீழ் ஸ்லைடு பின் போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை.

பதில்: போல்ட்டோடு சேர்ந்து, காலிப்பர் வழுக்கி நகர உதவும் அந்த ஸ்லைடு பின்னும் சுற்றுகிறது, மேடம். அதன் ரப்பர் உறைக்கும் (பூட்) காலிப்பருக்கும் நடுவே பின்னில் இரண்டு தட்டைப் பக்கங்கள் தெரியும். மெல்லிய ஓப்பன் ஸ்பேனரால் அதைப் பிடித்துக்கொண்டு திருகுங்கள். பெரும்பாலும் எம்8 போல்ட், இறுக்கம் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர்தான். பைப் போட்டு நெம்பினால் முறிந்துவிடும்.

தினேஷ்: இம்பாக்ட் கன் (அடித்துச் சுழற்றும் மிஷின்) இருக்கிறது. அடித்துவிடலாமா?

பதில்: பிராக்கெட் போல்ட்டுக்குச் சரி, இம்பாக்ட் சாக்கெட்டோடு விட்டு விட்டு அடியுங்கள். ஸ்லைடு பின்னுக்கு வேண்டாம். திரும்ப இறுக்க எதற்குமே வேண்டாம். இன்று நீங்கள் போராடும் போல்ட்டைப் போன முறை யாராவது கன்னால் இறுக்கியிருக்கவும் கூடும்.

சலீம்: ராட்செட்டில் எவ்வளவு இழுத்தும் வரவில்லை.

பதில்: ரவிக்குச் சொன்னதைப் படியுங்கள். திசையிலிருந்து தொடங்குங்கள்.

பிரபு: ஒரு ராத்திரி முழுக்க ஆயிலில் ஊறியும் வரவில்லை. சூடு காட்டலாமா?

பதில்: காட்டலாம், ஆனால் பிராக்கெட் போல்ட்டுக்கு மட்டும். முதலில் காலிப்பரையும் பேடுகளையும் கழற்றுங்கள். காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள், ஹோஸில் தொங்கவிடாதீர்கள். வீல் ஸ்பீடு சென்சார் ஒயர், பால் ஜாயின்ட் ரப்பர், ஸ்லைடு பின் பூட் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன, சுடர் அவற்றில் படக்கூடாது. ஊற்றிய ஆயிலைத் துடைத்தெடுங்கள். பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் சுடர் கூடவே கூடாது. குளோரின் உள்ள வகை சூட்டில் சிதைந்து பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு வரும். குளோரின் இல்லாதது குப்பென்று பற்றிக்கொள்ளும்.

மரை உள்ள பகுதியைச் சுற்றிச் சூடாக்குங்கள். செக்கச் சிவக்க வேண்டியதில்லை. மரை கழலாமல் ஒட்டவைக்கும் சிவப்பு திரெட் லாக்கர் போட்டிருந்தால் 250 டிகிரி வரை தேவைப்படும், சூடு ஆறுவதற்குள் திருக வேண்டும். சூடு கண்ட போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள்.

மீனா: கழற்றிவிட்டேன். மறுபடி சிக்காமல் இருக்க மரையில் ஆன்டி-சீஸ் பசை தடவலாமா?

பதில்: பிராக்கெட் போல்ட்டுக்கு வேண்டாம்.

குமரன்: இதை ஒப்புக்கொள்ள முடியாது, சார். தடவாததால்தான் எல்லாரும் இங்கே வந்து கேட்கிறார்கள்.

பதில்: கழற்றுவது சுலபமாகும், உண்மைதான். ஆனால் அந்த போல்ட் பிரேக்கையே பிடித்துக்கொண்டிருக்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பாதி தலைக்கு அடியில் உராய்வில் போகிறது, 40 சதவீதம் மரையில் போகிறது. மிச்சமுள்ள 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. வழுக்கும் பசை தடவினால் இந்தக் கணக்கு மாறிவிடும். முறுக்குக்கும் இழுவிசைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் கெழு உலர்ந்த மரைக்கு 0.20 என்றும் பசைக்கு 0.15 என்றும் வைத்தால், அதே டார்க் ரெஞ்ச் (முறுக்கை அளந்து இறுக்கும் கருவி) அளவில் போல்ட் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக இழுபடும்.

குமரன்: அப்படியானால் முறுக்கைக் குறைத்துப் போடலாமே?

பதில்: எவ்வளவு குறைப்பீர்கள்? பசைக்குப் பசை கெழு வேறு. மேனுவலில் இருக்கும் எண் தயாரிப்பாளர் சொன்ன நிலையில் உள்ள மரைக்கானது.

குமரன்: பிராக்கெட் மாட்டும் நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) அலுமினியமாக இருந்தால்? எஃகு போல்ட் அதோடு அரித்து ஒட்டிக்கொள்ளுமே.

பதில்: நியாயமான கேள்வி. இரண்டு உலோகமும் ஈரமும் சேர்ந்தால் அரிப்பு நிச்சயம். அதற்காகத்தான் பூச்சு போட்ட போல்ட் வருகிறது, சில கார்களில் அதை ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டும். மேனுவல் பசை தடவச் சொன்னால் தடவுங்கள். சொல்லவில்லையென்றால் மரையைச் சுத்தம் செய்து புது போல்ட் போடுங்கள். சுத்தம் செய்ய திரெட் சேஸர் போதும், மரை வெட்டும் டேப் என்ற கருவியை விட்டால் அலுமினியத்தைச் சீவிவிடும். பசை ஆசை தீர, டிஸ்க் ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) உட்காரும் முகத்தில் மெல்லிசாகத் தடவுங்கள். ஸ்லைடு பின்னுக்கு சிலிகான் கிரீஸ்; பெட்ரோலிய கிரீஸில் பூட் உப்பிப் பின்னை இறுக்கிவிடும்.

ஜோசப்: போல்ட் வரவே இல்லை, பைப் போட்டு நெம்பலாமா?

பதில்: திசை, 6 பாயின்ட், ஸ்டாண்ட். மூன்றும் சரியென்றால் பாரில் பைப் போடலாம், ராட்செட்டில் கூடாது.

அன்வர்: 17 தலை உருண்டுவிட்டது.

பதில்: 16 மி.மீ. 6 பாயின்ட் சாக்கெட்டைச் சுத்தியலால் அடித்து ஏற்றுங்கள். வழுக்கினால் உள்ளே சுருள் பல் உள்ள எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட். அதுவும் தோற்றால் தலைமேல் நட்டை வெல்டு செய்தால் சூடும் பிடிப்பும் ஒன்றாகக் கிடைக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள். பிரேக் கிளீனர் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்.

விமலா: காலிப்பர் இரண்டு பாதியாக இருக்கிறது. அவற்றைச் சேர்க்கும் போல்ட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றன.

பதில்: தொடாதீர்கள். டிஸ்க் மாற்ற அவற்றைக் கழற்றத் தேவையில்லை.

சுரேஷ்: பின்சக்கரக் காலிப்பரின் பிஸ்டன் உள்ளே போகவில்லை.

பதில்: அது வேறு வேலை. திருகி உள்ளே தள்ளும் வகையா, எலக்ட்ரிக் பார்க்கிங் பிரேக்கா என்று மேனுவலில் பாருங்கள்.

ரவி: திசையைத்தான் தப்பாக இழுத்திருக்கிறேன். மாற்றி இழுத்ததும் மேல் போல்ட் வந்துவிட்டது. கீழே உள்ளது தலை முறிந்துவிட்டது.

பதில்: பிராக்கெட்டை வெளியே எடுங்கள். முறிந்த துண்டு நீட்டிக்கொண்டிருந்தால் சூடு காட்டி வைஸ் கிரிப்பால் பிடித்துச் சுற்றுங்கள். மரை பிராக்கெட்டிலேயே இருந்தால் புது பிராக்கெட் வாங்குவது சுலபம். துண்டு நக்கிளுக்குள் மட்டத்தோடு முறிந்திருந்தால் கையில் ட்ரில்லைப் பிடித்துத் துளைக்காதீர்கள், எஃகிலிருந்து நழுவி மரைக்குள் போய்விடும். லேத் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். எல்லாம் மாட்டிய பிறகு, வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்கள்.