கயிற்றை எடுத்தாலே பின்னால் இழுக்கும் குதிரை: முதல் நாள் பழக்கம்

கேள்வி: ஐயா, எங்களுக்குக் கோபி பக்கம் தோட்டம். மாடு, ஆடு வளர்த்துப் பழக்கம் உண்டு. குதிரை இதுதான் முதல் தடவை. போன ஆடியில் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையில் ஒரு பெண் குதிரை வாங்கினேன். இரண்டரை வயது என்றார்கள். சுழி எல்லாம் பார்த்துத்தான் பிடித்தோம். ஆனால் கயிற்றைக் கையில் எடுத்தாலே தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் இழுக்கிறது. காதைத் தொட விடுவதே இல்லை. இரண்டு நாள் தண்ணீர் காட்டாமல் கட்டிப் போட்டால் அடங்கிவிடும் என்கிறார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். செய்யலாமா? வண்டியில் எப்போது பூட்டலாம்?

பதில்: தண்ணீரை நிறுத்தும் வேலை வேண்டவே வேண்டாம். குதிரைக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். தண்ணீர் குறைந்தால் தின்ற தீவனம் குடலில் இறுகி வயிற்றுவலி வரும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அந்த வலியிலேயே செத்துப்போன குதிரைகள் எத்தனையோ.

உங்கள் குதிரை அடங்காத குதிரை இல்லை. நீங்கள் மாட்டைப் பிடித்த கையோடு குதிரையைப் பிடிக்கிறீர்கள், அதுதான் விஷயம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு இருக்கிறது. லேசாக இழுத்தாலே மூக்கு வலிக்கும், வந்துவிடும். குதிரைக்குக் கயிறு காதுக்குப் பின்னால் பிடரியில் அழுத்துகிறது. அங்கே அழுத்தம் விழுந்தால் எதிர்ப் பக்கம் இழுப்பது அதன் சுபாவம். நீங்களும் பலமாக இழுத்தால் இழுபறிதான், அதில் நாம் ஜெயிக்கவே முடியாது. இழுப்பதால் குதிரை எதையும் கற்றுக்கொள்வதில்லை. கயிறு எந்த நொடியில் தளர்கிறதோ, அந்த நொடியில் தான் செய்ததைத்தான் அது மனதில் வைத்துக்கொள்ளும்.

பழக்கத் தொடங்கும் முன் வாயையும் காதையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இரண்டரை வயதில்தான் முன்வரிசையின் நடுப் பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். வாய் புண்ணாக இருக்கலாம். அதனால் இப்போதைக்குக் கடிவாள இரும்பு வேண்டாம், முகத்தைச் சுற்றி வரும் தலைக்கயிறு போதும். காதுக்குள் உண்ணி இருந்தாலும் தொட விடாது. அப்படியே ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசியும் போட்டுவிடுங்கள், குதிரைக்கு அந்த நோய் சீக்கிரம் வரும்.

சரி, முதல் நாள். காலையில் வெயில் ஏறும் முன், கொஞ்சம் புல் தின்ற பிறகு தொடங்குங்கள். முள்கம்பி இல்லாத, அடைப்பான இடமாக இருக்கட்டும். 3, 4 மீட்டர் நீளத்தில் பருத்திக் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். குதிரை பாய்ந்தால் விரல் போய்விடும். காலில் ஷூ போட்டிருங்கள்.

குதிரைக்குக் கண் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் தெரியாது. நேராக முகத்துக்குப் போகாமல், தோள் பக்கமாகச் சாய்வாக நடந்து போங்கள். தலையைத் தூக்கினால் நின்றுவிடுங்கள். தலை தாழ்ந்ததும் நீங்களே ஓர் அடி பின்னால் போங்கள். இரண்டு மூன்று தடவையில் அதுவே உங்களைப் பார்த்து வரலாம். வந்தால் முகத்தைத் தடவ வேண்டாம். பிடரி முடிந்து முதுகு தொடங்கும் மேட்டில் விரலால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

அடுத்து கயிறு. தோள் பக்கம் நின்று, கயிற்றை விறைக்கும் அளவுக்கு மட்டும் முன்னால் எடுத்து அப்படியே வைத்திருங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அது பின்னால் சாய்ந்தால் நீங்களும் கூடவே நடங்கள், ஆனால் தளர்த்தாதீர்கள். ஒரு கட்டத்தில் உடம்பின் பாரத்தை முன்னால் போடும். கால் எடுத்து வைக்கும் வரை காத்திருக்காதீர்கள், அந்தச் சாய்வு தெரிந்தவுடனே கயிற்றைத் தளர்த்திவிடுங்கள். சொறிந்துவிட்டு, ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள். இந்த ஒரு நிமிடத்தைத்தான் நம் ஆட்கள் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். அடுத்த தடவை ஓர் அடி எடுத்து வைத்ததும் தளர்த்துங்கள், அப்புறம் இரண்டு அடி வைத்ததும். பின்னால் போக வைப்பதும் இதே மாதிரிதான்.

பின்னங்காலைத் திருப்புவதையும் அன்றே தொடங்கலாம். தோளருகே நின்று இடுப்பைப் பார்த்து விரலை நீட்டுங்கள். நகரவில்லை என்றால் விரல் நுனியால் லேசாகத் தொடுங்கள். ஒரு பின்னங்கால் மற்றதைக் குறுக்கே கடந்து வைத்ததும் கையை எடுத்துவிடுங்கள். இது பழகிவிட்டால், குதிரை மிரளும்போது நேராகப் பாய விடாமல் திருப்பி நிறுத்த உதவும். இடப் பக்கம் கற்றதை வலப் பக்கமும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும்.

காலையில் 20 நிமிடம் போதும். நன்றாகச் செய்த இடத்தில் நிறுத்திவிடுங்கள்.

சாயங்காலம் இன்னொரு 15 நிமிடம், காதுக்காக. கழுத்தில் தடவிக்கொண்டே மேலே போய், எந்த இடத்தில் உடம்பு இறுகுகிறதோ அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கையை எடுத்துவிடுங்கள். தலையை உதறிய பிறகு எடுத்தால், உதறினால் கை போய்விடும் என்று கற்றுக்கொள்ளும். காது ஒரு நாளில் வராது, ஒரு வாரம் ஆகலாம். உதடு இறுகுவது, கண்ணில் வெள்ளை தெரிவது, வாலை அடிப்பது எல்லாம் போதும் என்று அது சொல்வதுதான். தலை தாழ்ந்து, மூக்கால் நீளமாக மூச்சு விட்டால் நல்ல அறிகுறி.

கயிற்றுக்கு இணங்கி வரும் வரை கம்பத்தில் இறுக்கிக் கட்டாதீர்கள். கட்டும்போதும், முனையை இழுத்தால் அவிழும் முடிச்சாகப் போடுங்கள். கட்டிய கயிற்றில் பின்னால் இழுத்து விழுந்தால் கழுத்து கெட்டுவிடும்.

வண்டிக்கு மூன்று வயது முடியட்டும். அதுவரை இந்தப் பழக்கம், பிறகு நீளக் கயிறுகளைப் பிடித்துப் பின்னால் நடந்து ஓட்டுவது, அப்புறம் வெறும் வண்டியைக் காட்டிச் சத்தம் பழக்குவது என்று போகலாம். ஆள் ஏறுவதற்கு இன்னும் பொறுங்கள். முதுகெலும்பு முழுதாக இறுக ஐந்து வயதுக்கு மேல் ஆகும்.