கடனை அடைக்க என் சிறுநீரகத்தை நான் விற்பதில் என்ன தவறு?

என் உடல், என் முடிவு, இதில் அரசுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். வட்டிக்காரர் வாசலில் நிற்கும் ஒரு வீட்டிலிருந்து வந்த கேள்வியாகவே இதை எடுத்துக்கொள்கிறேன்.

சட்டம் தெளிவானது. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இந்த வியாபாரத்தைத் தடை செய்கிறது; 2011 திருத்தத்துக்குப் பிறகு விற்பவர், வாங்குபவர், தரகர் ஆகிய எவருக்கும் 5 முதல் 10 ஆண்டு வரை சிறையும், 20 லட்சம் முதல் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு.

சட்டப்படி அனுமதித்துவிட்டால் தரகர்கள் ஒழிந்துவிடுவார்கள் என்று சிலர் இங்கே வாதிடக்கூடும். என் தாயார் 1991-இல் விற்றபோது அதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. நாங்கள் அப்போது வில்லிவாக்கத்தில் இருந்தோம். அந்த ஊரைக் 'கிட்னிவாக்கம்' என்று கேலி பேசியவர்களை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. பேசியது 30,000 ரூபாய். பரிசோதனைச் செலவு, சாப்பாட்டுச் செலவு என்று கழித்துக்கொண்டு தரகர் கொடுத்தது 18,000. மூன்றாவது வாரமே அம்மா சித்தாள் வேலைக்குப் போனார். கல் சுமக்க முடியாமல் பாதி நாளில் திரும்பி வந்தார். விலாவிலிருந்து முதுகு வரை ஒரு சாண் நீளத்துக்குத் தழும்பு இருந்தது. நாடா அதில் உரசினால் எரியும் என்பதால், பாவாடையை எப்போதும் கீழே இறக்கியே கட்டுவார். அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தைத் தூக்கி வருவது பதினொரு வயதில் என் வேலையாயிற்று. இரண்டே ஆண்டுகளில் அதே வட்டிக்காரரிடம் மீண்டும் கடன் வாங்கினோம்.

உறவினருக்குச் சிறுநீரகம் கொடுத்து, மருத்துவக் கண்காணிப்பில் நலமாக வாழ்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரு வீட்டுக் கதையை வைத்து முடிவு கட்டாதே என்பவர்களுக்காக இதையும் சொல்கிறேன். சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சென்னையில் சந்தித்து நடத்திய ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. அவர்களில் 96 விழுக்காட்டினர் கடனுக்காகவே விற்றவர்கள். அப்படி விற்றவர்களில் 74 விழுக்காட்டினர் ஆய்வின்போதும் கடனில்தான் இருந்தார்கள். குடும்ப வருமானமோ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்பதைப் படித்தபோது எனக்கு வியப்பே ஏற்படவில்லை. எங்கள் வீட்டிலும் கடன் வாங்கியவர் அப்பா.

இன்று உங்களிடம் வரும் தரகர், உறவினர் அல்லாதவர் உறுப்பு தருவதை விசாரித்து ஒப்புதல் தரும் அனுமதிக் குழுவின் முன், அன்பின் பேரில் தருவதாகச் சொல்லச் சொல்வார். பணம் கைமாறவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த பிறகு, அவர் பாதிப் பணத்தோடு மறைந்தால் எந்தக் காவல் நிலையத்தில் போய்க் கேட்பீர்கள்?

அதற்கு முன், உங்களை நெருக்குபவர் மீது புகார் கொடுங்கள். கந்துவட்டியைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. என் தாயாருக்கு அந்த வழி இருக்கவில்லை.