துளை சிறிதாக இருந்தால் மட்டும் போதுமா?

கேள்வி: வயது 44. நான்கு மாதமாக இடது காலின் பின்பக்கமாகச் சுண்டுவிரல் வரை வலி இறங்குகிறது. மாத்திரை, பிசியோதெரபி எதற்கும் கேட்கவில்லை. எம்.ஆர்.ஐ.யில் எல்5–எஸ்1 டிஸ்க் (இடுப்பில் முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள கடைசி மெத்தை) பிதுங்கியிருக்கிறது. ஒரு டாக்டர் மைக்ரோடிஸ்கெக்டமி என்கிறார். இன்னொருவர் எண்டோஸ்கோப்பி போதும், முழு மயக்கம் வேண்டாம் என்கிறார். எதற்குச் சம்மதிக்கலாம்? – வாசகர், தஞ்சாவூர்.

பதில்: வலி இறங்கும் பாதையும் ஸ்கேனும் ஒத்துப்போகின்றன, அதுதான் முக்கியம். எல்5–எஸ்1 டிஸ்க் வழக்கமாக, காலின் பின்பக்கமாகச் சுண்டுவிரல் வரை போகும் எஸ்1 நரம்பின் வேரை அழுத்தும். அந்த நரம்பு பலவீனப்பட்டிருக்கிறதா என்றறிய, அந்தக் காலில் மட்டும் நின்று குதிகாலைத் தூக்க முடிகிறதா என்று டாக்டர் பார்த்திருப்பார்.

மைக்ரோடிஸ்கெக்டமியில் முதுகில் 2–3 செ.மீ. கீறி, மைக்ரோஸ்கோப் வழியே பார்த்து, பிதுங்கிய துண்டை மட்டும் எடுப்பார்கள். எண்டோஸ்கோப்பியில் கேமரா உள்ள மெல்லிய குழாயை நுழைத்து அதே துண்டை எடுப்பார்கள், அதற்கு 1 செ.மீ.க்கும் குறைவான துளை போதும். பக்கவாட்டிலிருந்து நுழைந்தால் மரத்துப்போகும் ஊசியிலேயே செய்யலாம். நரம்பில் பட்டால் நீங்களே உடனே சொல்லிவிடுவீர்கள், அது ஒரு பாதுகாப்பு. ஆனால் உங்கள் டிஸ்க் கடைசி மட்டத்தில் இருக்கிறது. இடுப்பெலும்பு உயர்ந்திருந்தால் பக்கவாட்டுப் பாதை அடைபடும். அப்போது பின்பக்கமாக நுழைய வேண்டும். அதற்குப் பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படும். எக்ஸ்ரேயைக் காட்டி, எந்தப் பாதை என்று கேளுங்கள்.

கால்வலி குறைவதில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசமில்லை. எண்டோஸ்கோப்பியில் தசை குறைவாகவே சேதமாகும், ஆனால் டாக்டருக்குக் கை பழக நாளாகும். பழகாத கையில் துண்டு மிச்சம் தங்கி, வலி அப்படியே நிற்கலாம். நரம்பைச் சுற்றிய உறை கிழிந்து நீர் கசிவதும் டிஸ்க் மறுபடி பிதுங்குவதும் இரண்டிலும் உண்டு. மறுபிதுக்கம் சுமார் 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு வருகிறது. ஆகவே எந்த முறையை எந்த டாக்டர் அதிகம் செய்திருக்கிறார் என்பதை வைத்து முடிவெடுப்பதே சரி. குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயில் எலும்பு நழுவுவது தெரிந்தால் கணக்கே வேறு. டிஸ்க்கை மட்டும் எடுப்பது போதாமல் போகலாம்.

அன்றோ மறுநாளோ நடக்க வைப்பார்கள். நான்கு முதல் ஆறு வாரம் குனிந்து பாரம் தூக்க வேண்டாம். கால்வலி சீக்கிரம் விடும், மரமரப்பு போக மாதங்கள் ஆகும். இடுப்புவலி முழுவதும் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இதற்கிடையில் சிறுநீர் வராமல் அடைத்தாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, இரண்டு கால்களும் பலம் இழந்தாலோ, அது நள்ளிரவானாலும் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.